விமானம் வேண்டாம், கப்பலில் அமெரிக்கா போகலாமா? (குடும்பத்தோடு, ஒரு வழிப் பயணம்)

தேம்ஸ்கரை | மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறோம். வேலை மாற்றலாகி ஜூன் மாதம் நியூ ஜெர்சி போக வேண்டும். நான், மனைவி, ஒன்பது வயது மகள், நாலு வயது மகன். கூடவே கோவையிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அத்தை, அதாவது மாமியார். வயது 68.

போன வருடம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது நடுவானில் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்குப் பக்கத்து வரிசைக்காரரின் காபி கூரையில் போய் அடித்தது. இறங்கும்வரை மனைவி என் முழங்கையை விடவே இல்லை, நகக்குறி நாலு நாள் இருந்தது. அன்றிலிருந்து விமானம் என்றாலே அவளுக்குக் கை சில்லிட்டுப் போகிறது. மருத்துவரைப் பார்த்தோம், மூச்சுப் பயிற்சியும் செய்து பார்த்தாள். "நீங்க எல்லாரும் பறந்து போங்க, நான் நடந்து வர்றேன்" என்கிறாள்.

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குயின் மேரி 2 கப்பல் போவதாகப் படித்தேன். யாராவது அப்படிப் போயிருக்கிறீர்களா? செலவு எப்படி? விசாவில் சிக்கல் வருமா? அத்தை பேருந்தில் உதகை போனாலே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போகிறவர். அவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

பனிக்கரடி | மார்ச் 9

ஏழு மணி நேரத்தில் போகிற ஊருக்கு ஏழு நாளா? ஒரு தூக்க மாத்திரையில் முடிகிற வேலை அண்ணே. நடுக்கடலில் பயம் வந்தால் எங்கே இறங்குவீர்கள்?

அப்புறம், டைட்டானிக் போன அதே வழிதானே அது?

மூன்றாம் இன்ஜினியர் | மார்ச் 10

தம்பி, நான் தூத்துக்குடிக்காரன். 31 வருடம் சரக்குக் கப்பல் இன்ஜின் அறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் கப்பலில் வேலை பார்த்ததில்லை. ஆனால் சவுத்தாம்ப்டனில் எங்கள் கப்பலுக்கு எதிரே நின்றபோது வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

சொகுசுக் கப்பல் வேறு, லைனர் வேறு. பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சொகுசுக் கப்பல் வெயிலைத் தேடிப் போகும். வழியில் புயல் என்றால் துறைமுகத்தை மாற்றிக்கொள்ளும். லைனர் நம் ஊர் பஸ் மாதிரி. அட்டவணை போட்டாயிற்று, மழையோ புயலோ போய்ச் சேர வேண்டும். அதற்கேற்ற உடம்பு வேண்டும். குயின் மேரி 2-ஐ பிரான்சின் செயின்ட் நசேர் தளத்தில் கட்டினார்கள், 2004 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. நீளம் 345 மீட்டர். நீருக்கு அடியில் 10 மீட்டர். முகப்பு நீண்டு கத்தி மாதிரி இருக்கும், தகடும் கனம். உயிர்காப்புப் படகுகளை மற்றக் கப்பல்களைவிட உயரத்தில், நீர்மட்டத்திலிருந்து 25 மீட்டர் மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். வட அட்லாண்டிக் அலை வந்து படகைப் பிய்த்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக.

ஆட்டத்தைப் பற்றி: கப்பலின் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை எதுவும் நிறுத்தாது. அதனால் அறை எடுக்கும்போது நீளவாக்கில் நடுவிலும், முடிந்தவரை கீழ்த்தளத்திலும் கேளுங்கள். ஏற்றப்பலகையில் குழந்தை விளையாடுவதைப் பார்த்திருப்பீர்களே, முனையில் உட்கார்ந்தவன் பறப்பான், நடுவில் நிற்பவன் அப்படியே நிற்பான். உயரத்தில் பால்கனி அறை எடுத்துவிட்டு வாந்தி எடுக்கிறவர்கள் பாதிப்பேர்.

பனிக்கரடி, வழி ஏறத்தாழ அதேதான். ஆனால் 1914 முதல் அந்தப் பகுதிப் பனிப்பாறைகளைக் கண்காணிக்க ஒரு ரோந்து அமைப்பே இருக்கிறது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ இடமும் உண்டு.

இலைதழை | மார்ச் 10

எந்தக் காரணத்துக்காகப் போனாலும் சரி, விமானத்தைத் தவிர்க்கிறீர்களே, வாழ்த்துகள். எல்லோரும் இப்படி மாறினால் பூமி கொஞ்சம் மூச்சு விடும். கரிமப் புகையும் பெருமளவு குறையும்.

மூன்றாம் இன்ஜினியர் | மார்ச் 10

இலைதழை, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது தலைகீழ்.

கணக்கை நீங்களே போடுங்கள். அந்தக் கப்பல் 75,000 டன்னுக்கு மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. பயணிகள் ஏறத்தாழ 2,600 பேர். ஆளுக்குக் கிட்டத்தட்ட 29 டன் இரும்பையும் நீச்சல் குளத்தையும் நாடக மேடையையும் சேர்த்து இழுக்கிறார்கள். பெரிய ஜெட் ஒன்று முழு எடையோடு கிளம்பினால் 350 டன், ஏறுகிறவர்கள் முந்நூற்றுச் சொச்சம். ஆளுக்கு ஒரு டன். தண்ணீரில் மிதப்பதால் இழுவை சுலபம்தான். ஆனால் ஏழு நாளும் விளக்கு, குளிரூட்டி, சமையல், துணி துவைப்பு என்று ஓட வேண்டுமே. சரக்குக் கப்பல் டன்னுக்குக் குறைவாக எரிக்கும் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு பயணிகள் கப்பலையும் பசுமை என்று சொல்லக் கூடாது.

வேகத்தைக் கூட்டினால் எண்ணெய் இன்னும் பயங்கரமாக ஏறும். 1952-ல் எஸ்.எஸ். யுனைட்டட் ஸ்டேட்ஸ் என்ற லைனர் மூன்றரை நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. இன்று ஏழு இரவு எடுத்துக்கொள்கிறார்கள். மணிக்கு 55 கிலோமீட்டர் போகக்கூடிய கப்பலை அடக்கி ஓட்டுகிறார்கள்.

தம்பி மனைவிக்காகப் போகட்டும். அதுவே போதுமான காரணம். பூமிக்காகப் போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இலைதழை | மார்ச் 11

29 டன் என்பதை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாழ்த்தைத் திரும்பப் பெறவில்லை, காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

நாகைக்காரன் | மார்ச் 12

"கப்பலில் போகலாமா" என்று ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாகக் கேட்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது. எங்கள் தெருவில் பாதி வீடு கப்பலில் போனவர்கள் வீடு. ரஜூலா என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். தோணியில் போய் ஏற வேண்டும். தாத்தா டெக் பாசஞ்சர். அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, கைப்பிடியில் துண்டைக் கட்டி, துண்டின் மறுமுனையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தூங்குவாராம். பினாங்கு போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு மாதத்துக்கு அப்படிக் கட்டிக்கொண்டால்தான் தூக்கம் வருமாம்.

பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-ல் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்த வழி முடிந்தது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குச் சிறு கப்பல் விட்டபோது, எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் போகிற வேலை இல்லாதபோதும், துறைமுகம் வரை போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

அரைத்தமாவு | மார்ச் 13

நான் நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் என் கணவரும் நானும் இங்கிருந்து லண்டனுக்கு அந்தக் கப்பலில் போனோம். கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

விசா: இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அமெரிக்க விசாவைச் சவுத்தாம்ப்டனிலேயே பார்ப்பார்கள், விமானத்தில் போவது போலவேதான். சில பயணங்கள் வழியில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நிற்கும். அதில் ஏறினால் கனடா விசாவும் கேட்பார்கள். நேராகப் போகும் தேதியாகப் பாருங்கள். வருடத் தொடக்க மாதங்களில் அது உலகச் சுற்றுக்குப் போய்விடும். ஜூன் உங்களுக்குச் சரி.

செலவு: ஒரு அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிடுவார்கள். அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் குறையும். தனியாள் போனால் கூடும். சாப்பாடு கட்டணத்தில் அடக்கம், தினசரி சேவைக் கட்டணம் தனி. விமானத்தோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள், பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு கிடையாது என்றே சொல்லலாம். வீடு மாறுகிற உங்களுக்கு அது பெரிய விஷயம்.

கறிவேப்பிலை கொண்டு வராதீர்கள்! எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் இங்கே தடை. பொடி, ஊறுகாய் எல்லாம் எழுதிக் காட்டினால் பிரச்சினை இல்லை.

அத்தையிடம் பட்டுப்புடவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு இரவு விருந்து உடை. தேசிய உடையும் செல்லும்.

தேம்ஸ்கரை | மார்ச் 16

எல்லோருக்கும் நன்றி. பதிவு செய்தாயிற்று. எடைக் கட்டுப்பாடு இல்லை என்று அத்தையிடம் சொன்னது என் தவறு. பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.

பனிக்கரடி | ஜூன் 30

அண்ணே, போய்ச் சேர்ந்தீர்களா? இல்லை நடந்தே போகிறீர்களா?

தேம்ஸ்கரை | ஜூலை 4

சேர்ந்துவிட்டோம். இங்கே இன்று விடுமுறை, வெளியே பட்டாசு. அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

கிளம்பும் அன்றே சோதனை. பதிவு செய்து தந்த முகவர் அத்தையின் பெயரையும் மாமாவின் பெயரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பயணச்சீட்டில் ஒரு மாதிரி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கணவர் பெயரைத்தான் பின்னால் போட்டிருக்கிறோம் என்று சவுத்தாம்ப்டன் கவுண்டரில் நான் விளக்க, அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இவருடைய பெயர்தான் என்ன?" என்றார். அத்தை தானே முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னார். கணவர் பெயரைச் சொல்லவில்லை. வாயால் சொல்ல மாட்டாராம். மகள் சொல்ல, அரை மணி நேரத்தில் சரியானது.

பெட்டிகள் மொத்தம் பதினான்கு. அவற்றில் ஒன்று கிரைண்டர். கோயம்புத்தூர் கிரைண்டர், கல்லோடு, என் மகனின் எடையைவிட அதிகம். அதைச் சுமந்துபோன துறைமுகத் தொழிலாளி உள்ளே என்ன என்று கேட்டார். கல் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இன்ஜினியர் ஐயா சொன்னபடியே நடுவில், கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முதல் இரண்டு நாள் கடல் தட்டு மாதிரி. மூன்றாம் நாள் காற்று ஏறியது. தண்ணீர்க் குவளை மேசையில் ஒரு விரற்கடை நகர்ந்து திரும்ப வந்தது. மகனும் நானும் படுத்துவிட்டோம். யாரைப் பற்றிக் கவலைப்பட்டேனோ அந்த அத்தை சுக்குக் கஷாயப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, நார்த்தங்காய் ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, நூலகத்துக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மனைவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. "விமானத்துல என்ன நடக்குதுன்னே தெரியாது. இங்க அலை வர்றது கண்ணுக்குத் தெரியுது, அது போனதும் தெரியுது" என்றாள். அவளுடைய பயம் உயரத்தைப் பற்றியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது நீச்சல் குளம் இல்லை, கடிகாரம். இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் இல்லையா, மேற்கே போகும்போது ஐந்து இரவு, இரவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். நாளுக்கு 25 மணி. விமானத்தில் மொத்தமாக வாங்கித் தூங்காமல் அவதிப்படுகிற அந்த ஐந்து மணி நேரத்தை இங்கே தவணையில் தருகிறார்கள். மகன் ஒவ்வொரு காலையும், "இன்னைக்கும் ஒரு மணி நேரம் சும்மா குடுத்தாங்களா?" என்று கேட்டான். கொடுத்ததை அவன் ஒரே இடத்தில்தான் செலவழித்தான், மேல்தளத்து நாய்க் கொட்டிலில். அட்லாண்டிக்கை நாயோடு கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாய்கள் காலைத் தூக்க அங்கே அமெரிக்கத் தீயணைப்புக் குழாய் ஒன்று, இங்கிலாந்து விளக்குக் கம்பம் ஒன்று. எந்த நாய்க்கு எது வேண்டுமோ அது.

நண்பகலில் கப்பல் இருக்கும் இடம், காற்று, கீழே கடலின் ஆழம் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மகள் நோட்டு வைத்து எழுதினாள். ஆழம் நாலு கிலோமீட்டரைத் தொட்ட நாளில் அதை அத்தைக்குச் சொன்னாள். "நம்ம வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நட்டுக்குத்தா கீழ போனா எவ்வளவோ அவ்வளவு" என்று கணக்குச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க அத்தை தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே மூடுபனி. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. பஞ்சு. பனி இருந்தால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறை நீளமாகச் சங்கு ஊத வேண்டும் என்பது கடல் விதி. நெஞ்சுக்குள் அதிரும் சத்தம். கோவையில் மில் சங்கு கேட்டே வளர்ந்தவர் அத்தை. சிங்காநல்லூரில் இருந்தபோது சங்கு ஊதினால்தான் உலை வைப்பார்களாம். மில்கள் மூடிய பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை என்றார். அன்று மத்தியானம் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போக, அவர் மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேல்தளத்து நாற்காலியில் இருந்தார். நான் கூப்பிடப் போனேன். "இரு தம்பி, இன்னும் ரெண்டு ஷிப்ட் போகட்டும்" என்றார்.

நாகைக்காரன் | ஜூலை 4

அந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழையைப் பத்திரப்படுத்தி வைக்கிறேன்.

விருந்து உடை என்ன ஆயிற்று?

தேம்ஸ்கரை | ஜூலை 5

பட்டு வேட்டி. நல்லவேளை, ஒட்டு வேட்டி. மேல்தளத்துக் காற்றில் சாதா வேட்டி கட்டியிருந்தால் இந்த இழையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கருப்புக் கோட்டு போட்ட ஒரு வயதான ஆங்கிலேயர் மின்தூக்கியில் என்னை மேலும் கீழும் பார்த்து, "உம்முடையது வசதியாக இருக்கும் போலிருக்கிறதே" என்று பெருமூச்சு விட்டார்.

கடைசி நாள் விடியற்காலை நாலு மணிக்கே எல்லோரையும் எழுப்பினேன். வெரசானோ பாலத்துக்கு அடியில் போகும்போது புகைபோக்கி இடித்துவிடும் என்றே தோன்றியது. சில மீட்டர்தான் இடைவெளி. தளத்தில் நின்ற நூறு பேரும் தலையைக் குனிந்தோம். குனிந்து என்ன ஆகப்போகிறது? புரூக்ளினில் கட்டும்போது விடிந்துவிட்டது. சுதந்திரதேவி சிலை அந்தப் பக்கம் சின்னதாகத் தெரிந்தது. மகன் அதைவிடத் துறைமுகத்து பாரந்தூக்கியைத்தான் பார்த்தான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்கு ஆகியிருப்பதைப் போல இரண்டரை மடங்கு. சாமானைத் தனியாக அனுப்புகிற செலவு மிச்சம் என்று கழித்தால் இரண்டு மடங்கு. ஏழு நாள் விடுப்பு வேறு. வேலை மாற்றல் என்பதால் சமாளித்தேன். வருடா வருடம் ஊருக்குப் போகிற வழி இது இல்லை.

பனிக்கரடி | ஜூலை 5

அதுதான் அண்ணே கேட்க வந்தேன். இங்கிருந்து கோவைக்கு எப்படிப் போவீர்கள்?

தேம்ஸ்கரை | ஜூலை 5

தெரியவில்லை. இந்தியாவுக்கு அப்படி ஓடுகிற பயணிகள் கப்பல் கிடையாது. சரக்குக் கப்பலில் போகலாமா என்று இன்ஜினியர் ஐயாவிடம் தனிச்செய்தியில் கேட்டேன்.

மூன்றாம் இன்ஜினியர் | ஜூலை 5

இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். முன்பு சரக்குக் கப்பலில் நாலைந்து பயணிகளை ஏற்றுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஏற்றினாலும் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள், கப்பலில் மருத்துவரும் இருக்க மாட்டார். 1958-ல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதுமே எங்கள் தொழிலில் இந்தப் பக்கம் கதை முடிந்தது தம்பி. பழைய குயின் மேரி கலிபோர்னியாவில் ஓட்டலாக நிற்கிறது, குயின் எலிசபெத் 2 துபாயில் ஓட்டலாக நிற்கிறது. அட்டவணை போட்டு அட்லாண்டிக்கில் ஓடுகிற லைனர் என்று மிஞ்சியிருப்பது நீங்கள் போன ஒன்றுதான்.

அத்தைக்கு உடனே திரும்புகிற அவசரம் இல்லையே?

தேம்ஸ்கரை | ஜூலை 6

அத்தைக்கு இல்லை. அவர் தனியாக விமானத்தில் போய்விடுவார், அவருக்குப் பயமே கிடையாது. மனைவிதான் இரண்டு நாளாக எதுவும் பேசவில்லை. நேற்று இரவு, "மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்களே, அந்தப் பேப்பரை எந்தப் பெட்டியில வெச்சோம்?" என்று கேட்டாள். பதினான்கில் பதினொன்றைப் பிரித்துவிட்டோம். இன்னும் கிடைக்கவில்லை.

அரைத்தமாவு | ஜூலை 6

கிடைக்கும். மெதுவாகத் தேடுங்கள்.

ஆமாம், அந்தக் கிரைண்டர் எந்த வோல்டேஜ்?

தேம்ஸ்கரை | ஜூலை 6

ஏன்?

அரைத்தமாவு | ஜூலை 6

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கோவையில் வாங்கியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜை ஏற்றித் தருகிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் ஹெர்ட்ஸை அது மாற்றாது. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மாவு சூடேறும், மோட்டாரும் சூடேறும். இங்கே இந்தியக் கடைகளில் 110 வோல்ட்டுக்கே செய்த கோயம்புத்தூர் கிரைண்டர் கிடைக்கிறது.

தேம்ஸ்கரை | ஜூலை 7

அத்தையிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஆட்டுக்கல்லையே எடுத்துட்டு வந்திருக்கலாம். எடைதான் கணக்கில்லைன்னு சொன்னியே" என்கிறார்.